உரியவர்க்கு உரிய பெயர்

ஒருவனுடைய நிலத்தைப் பிறன் அபகரித்தால் வழக்குத் தொடுக்கக் கோர்ட்டு உண்டு. அவன் செய்த வேலையின் கீர்த்தி பிறன் பெயரில் எழுதப்பட்டுவிட்டாலோ, சரித்திரம் எழுதுவோரின் மனச்சாட்சி ஒன்றே நியாயஸ்தலம். எகிப்து தேசத்துச் சங்கீதக்காரர் ஹலீம் எல்-தாப் விஷயத்தில் அந்த நியாயஸ்தலம் நெடுநாள் உறங்கிக் கிடந்தது.

1921-ம் வருஷத்தில் கெய்ரோ நகரில் பிறந்த இவர் விவசாயப் படிப்புப் படித்தவர். 1944-ல், அந்நகரத்து ரேடியோ நிலையமொன்றிலிருந்து, காந்தக் கம்பியில் ஒலியைப் பதிக்கும் யந்திரத்தை இரவல் பெற்றார். ஆவி பிடித்தவர்களின் துன்பம் நீங்கப் பெண்கள் கூடிப் பாடும் ‘ஸார்’ என்னும் சடங்கின் பாட்டை அதில் பதிவு செய்தார். பின்னர் எதிரொலி அறையில் அதை ஒலிக்கச் செய்து, மீண்டும் பதிந்து, சொற்கள் மறைந்து நாதம் மாத்திரம் அலையலையாய் எஞ்சும்படி மாற்றினார். அவ்வருஷமே கெய்ரோவில் அதைப் பலர் கேட்கும்படி வைத்தார்.

நான்கு வருஷங்கள் கழிந்தன. 1948 அக்டோபர் 5-ந் தேதி, பியேர் ஷேஃபர் என்னும் பிரெஞ்சுக்காரர் ரயில் வண்டி முதலியவற்றின் ஓசைகளைக் கொண்டு ஆக்கிய உருப்படிகளைப் பிரெஞ்சு ரேடியோ ஒலிபரப்பியது. அம்முறைக்கு ‘மியூஸிக் கான்கிரீத்’ என்று அவர் பெயரும் சூட்டினார். பெயர் சூட்டியவருக்கே பிள்ளை சொந்தம் என்பதுபோல், இக்கலையின் சரித்திரம் பெரும்பாலும் பாரிஸிலிருந்தே தொடங்கிச் சொல்லப்பட்டு வந்தது. கெய்ரோப் பதிவின் இரண்டு நிமிஷப் பகுதி இசைத்தட்டில் வெளிவந்து பரவலாகக் கேட்கப்பட்டது 2000-ம் ஆண்டையொட்டித்தான்.

ஐரோப்பாவில் நடந்தாலன்றி எதுவும் தொடங்கியதாகாது என்னும் இந்த எண்ணத்தை, அந்நியர் ஆண்ட தேசங்களெல்லாம் நன்கறியும். ஆனால் இந்த ரோகத்துக்குத் தேசாபிமானிகள் சிலர் கொடுக்க விரும்பும் மருந்து, ரோகத்துக்கு இளைத்ததன்று. “உலகில் முதல்வர் இவரே, ஷேஃபர் பின்பற்றியவரே” என்று முழங்கிவிடலாம். அது நிற்குமா? 1930-லேயே பெர்லினில் வால்டர் ருட்மன் சினிமாச் சுருளில் பதித்த ஒலிகளை வெட்டி ஒட்டி ரேடியோவுக்கு ஓர் ஆக்கம் செய்தார். அதே வருஷம் அதே நகரில் ஹிண்டெமித் கிராமபோன் தட்டுகளைக் கொண்டு சோதனை செய்தார். ஷேஃபர் கெய்ரோவிலிருந்து கவர்ந்தார் எனச் சாட்சியமின்றிக் கூறுவது அவதூறு. எல்-தாபின் ஆக்கம், காந்தப் பதிவைக் கொண்டு இயற்றப்பட்டனவாக அறியப்பட்டவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. இதுவே உண்மை, இதுவே போதிய பெருமை. அதை ‘மியூஸிக் கான்கிரீத்’ என்பதுங்கூடப் பொருந்தாது. 1944-ல் அப்பெயரே பிறக்கவில்லை.

அவருடைய தேசம் எது என்பதிலும் இதே நிதானம் வேண்டும். 1950-ல் அவர் படிப்பின் நிமித்தம் அமெரிக்கா சென்றார்; 1961-ல் அந்நாட்டுப் பிரஜையானார்; ஓஹையோ மாகாணத்துக் கெண்ட் நகரில் பேராசிரியராயிருந்து, 2017-ல் அங்கேயே காலமானார். அவரை வெறும் அமெரிக்கர் என்பவர் கெய்ரோவை மறைக்கின்றனர். வெறும் எகிப்தியர் என்பவர் அவரே மனமொப்பி ஏற்ற பிரஜாவுரிமையை மறைக்கின்றனர். 1944-ம் வருஷத்து ஆக்கம் எகிப்தியருடையது. நியூயார்க்கில் 1959-ல் ஆக்கிய ‘லைலாவும் கவிஞனும்’ அமெரிக்காவில் வாழ்ந்த எகிப்தியருடையது. மனிதரை முழுமையாகச் சொன்னால், எகிப்தில் பிறந்த அமெரிக்கர். ஒவ்வொன்றுக்கும் வருஷத்தைச் சேர்த்து எழுதினால் சச்சரவுக்கே இடமில்லை.

இன்னுமொரு பாத்தியதை உண்டு. கம்பியில் பதிந்த குரல் யாருடையது? சடங்கில் பாடிய கெய்ரோப் பெண்களுடையது. மாற்றி அமைத்த கீர்த்தி எல்-தாபுக்கு உரியது. பாடிய கீர்த்தி அப்பெண்களுக்கு உரியது. பாரிஸ் கெய்ரோவை மறந்தது என்று குறைகூறுகிறவர்கள், கெய்ரோவின் பெண்களைத் தாங்கள் மறந்துவிடலாகாது. அவரைப் பற்றி எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும் “ஸார் சடங்கின் பெண்கள் பாட” என்னும் ஒரு வரி சேரவேண்டும்.

ஒரு சங்கீதக்காரரைப் பற்றிய நான்கு வரிக் குறிப்பில் என்ன வந்துவிடப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். நாளைய மாணாக்கன் கற்கப்போகும் சரித்திரம் அந்த நான்கு வரிதான். அதில் நம் பங்கைக் கேட்க நமக்கு உரிமை உண்டு; பங்குக்கு மேல் ஒரு சல்லியும் கேட்க உரிமையில்லை.