மிளகாய்க்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் சாலை பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சிங்கப்பெருமாள் கோவிலில் மருந்துக்கடை நடத்துகிறேன். காலையில் கம்பெனி பஸ்கள் நைட் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிடும் நேரத்தில் கடை நிரம்பிவிடும். அந்த நேரத்தில் அதிகம் கேட்பது வயிற்றெரிச்சல் மாத்திரைதான். உள்ளூர்ப் பையன் “அண்ணா, நெஞ்சு கரிக்குது” என்பான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவன் “பையா, கேஸ்” என்று சொல்லி நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டுவான். பெரும்பாலும் இருபத்தைந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

கொஞ்ச காலமாக இதே பிள்ளைகளின் போனில் ஒரு வகை வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. தினமும் பச்சை மிளகாய் தின்றால் மாரடைப்பு வராதாம். கொழுப்பு கரையுமாம், புற்றுநோய் அணுக்கள் செத்துப்போகுமாம், அல்சர் தானாக ஆறுமாம். நம் முன்னோர்கள் மிளகாயும் பழைய சோறும் சாப்பிட்டுத்தான் நூறு வயது வாழ்ந்தார்கள் என்று முத்தாய்ப்பு வேறு. மிளகாய் கிள்ளிப்போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்த தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, எரிச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவரையும் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வீடியோக்கள் முழுப் பொய்யிலிருந்து பிறக்கவில்லை. 2015-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேரைச் சராசரியாக ஏழு ஆண்டுகள் கவனித்தார்கள். வாரத்தில் ஆறு ஏழு நாள் காரம் சாப்பிட்டவர்கள் அந்தக் காலத்தில் இறந்துபோகும் அபாயம், காரத்தை அரிதாகத் தொட்டவர்களைவிட 14 சதவீதம் குறைவாக இருந்தது. 2019-இல் இத்தாலியின் மொலிசே பகுதியில் 22 ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கவனித்த ஆய்வு, வாரம் நான்கு முறைக்கு மேல் மிளகாய் சேர்த்தவர்களுக்கு இந்தக் குறைவு 23 சதவீதம் என்றது. இதய நோய்ச் சாவுகளில் வித்தியாசம் இன்னும் அதிகம். இந்த எண்களை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டால் மிளகாய் அமிர்தமாகத்தான் தெரியும்.

ஆனால் இவை எதுவுமே ஒருவருக்கு மிளகாய் கொடுத்து, இன்னொருவருக்குக் கொடுக்காமல் வைத்து, என்ன ஆகிறது என்று பார்த்த சோதனைகள் இல்லை. மக்கள் அவரவர் போக்கில் சாப்பிட்டதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு யார் இறந்தார், யார் இருந்தார் என்று எண்ணியவை. காரம் விரும்பிச் சாப்பிடுகிறவர் வேறு என்ன சாப்பிட்டார், எவ்வளவு நடந்தார், வயிறும் உடம்பும் நன்றாக இருந்ததால்தான் காரம் சாப்பிட முடிந்ததா என்பதையெல்லாம் கணக்குப் போட்டு முழுசாகக் கழித்துவிட முடியாது. ஆய்வு செய்தவர்களே, காரம்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அதே சீனாவில், அதே 2019-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் மிளகாய் சாப்பிட்ட முதியவர்களிடம் நினைவாற்றல் வேகமாகக் குறைந்ததைக் கண்டது. இதை ஒரு வீடியோவிலும் நான் பார்க்கவில்லை.

முன்னோர் கதைக்கு நம் ஊர்க் கோயிலே பதில் சொல்லும். பாடலாத்ரி நரசிம்மர் கோயில் பல்லவர் காலத்துக் குடைவரை. அந்தக் குன்றை உளி வைத்துக் குடைந்த நாளில் இந்த ஊரில் மட்டுமல்ல, இந்தியாவிலேயே மிளகாய் கிடையாது. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்ச்சுகீசியர் கப்பலில் பதினாறாம் நூற்றாண்டில்தான் வந்து இறங்கியது. அதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். இன்றைக்கும் திதிச் சமையலில் மிளகாய் சேர்க்காத வீடுகள் உண்டு. பல பெருமாள் கோயில் மடைப்பள்ளிகளிலும் மிளகுதான்.

மிளகாயில் மருந்து இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. என் கடை அலமாரியிலேயே இருக்கிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் கலந்த களிம்பு அது. நம் நரம்பு நுனிகளில் சூட்டை உணரும் ஒரு வாசல் உண்டு. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். கேப்சைசின் பட்டாலும் திறக்கும். அதனால்தான் மிளகாய் நாக்கைச் சுடாமலே சுட்டதுபோல் இருக்கிறது. அந்த வாசலை 1997-இல் கண்டுபிடித்துச் சொன்ன டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. களிம்பைத் திரும்பத் திரும்பத் தடவினால் அந்த நரம்பு நுனிகள் மரத்துப்போய் வலி குறைகிறது. மூட்டு வலிக்கும், சர்க்கரை நோயால் கால் எரிகிறவர்களுக்கும் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். அக்கி வந்து போன பிறகு மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலிக்கு எட்டு சதவீத கேப்சைசின் பட்டையை அமெரிக்க மருந்துத் துறை 2009-இல் அனுமதித்தது. சோதித்து, அளவு நிர்ணயித்து, நிரூபித்த மிளகாய் மருந்து இதுதான். தோலுக்கு மேலே பூசுவது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள் என்று சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் கொடுக்கிறேன்.

இதைவிட முக்கியமான விஷயம் அல்சர். மிளகாய்தான் அல்சரைக் கொண்டுவரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மிளகாய்தான் அல்சரை ஆற்றும் என்று வீடியோ சொல்கிறது. இரண்டையும் நம்பாதீர்கள். இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்கிற கிருமி. அதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் வாங்கினார்கள். சிங்கப்பூரில் 1990-களில் நடந்த ஓர் ஆய்வில், அல்சர் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் மிளகாய் சாப்பிட்டிருந்தார்கள். ஆக, மிளகாய் குற்றவாளி இல்லை. அதற்காக அது வைத்தியனும் ஆகிவிடாது. புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் ஏற்கெனவே உள்ளவர்களுக்குக் காரம் எரிச்சலைக் கூட்டும்.

அல்சருக்கு இன்னொரு காரணம் உண்டு. அதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு பையன் வந்தான். ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி.

“காரத்தைச் சுத்தமா விட்டுட்டேண்ணா. இன்னும் எரியுது.”

“வேற என்ன மாத்திரை போடறே?”

“இடுப்பு வலிக்கு. லைன்ல நின்னுக்கிட்டே இருக்கணும்ல. டூட்டிக்கு முன்னால ஒண்ணு, வந்து படுக்கும்போது ஒண்ணு.”

“சாப்பிட்டுட்டா?”

பதில் இல்லை. பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினான். டைக்ளோஃபெனாக். பத்தில் மூன்றுதான் மிச்சம். எங்கோ ஒரு கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிற சுரப்பையே குறைத்துவிடும். நாள்கணக்கில் விழுங்கினால் புண் வரும், ரத்தக் கசிவும் வரும். கிருமிக்கு அடுத்தபடியாக அல்சருக்கு இதுதான் பெரிய காரணம். ஆனால் அவன் மாதக்கணக்காகச் சந்தேகப்பட்டது மிளகாயை. மிளகாயைத் திட்டுவதிலும் புகழ்வதிலும் நாம் செலவழிக்கிற நேரத்தில் உண்மையான காரணம் சட்டைப் பையிலேயே பத்திரமாக இருக்கிறது.

இனி தட்டைப் பார்ப்போம். இந்தச் சாலையின் பின்தெருக்களில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். தரையில் ஸ்டீல் தட்டு. குவித்த சோறு. ஓரத்தில் உப்பு, பாதி வெங்காயம், கடுகெண்ணெய் விட்டு மசித்த கொஞ்சம் உருளைக்கிழங்கு, இரண்டு பச்சை மிளகாய். ஒரு வாய் சோறு, ஒரு கடி மிளகாய். ஒடிசாப் பிள்ளைகள் நீர் ஊற்றிய சோற்றை பகாலா என்கிறார்கள். நம் பழைய சோறும் மோர் மிளகாயும்தான் அது. பக்கத்து அறைத் தமிழ்ப் பையனிடம் சோற்றோடு பாக்கெட் ஊறுகாய் இருக்கும். வெறும் சோறு தொண்டையில் இறங்காது. காரம் சேர்ந்தால் இறங்கும். கறியும் பருப்பும் வாங்க முடியாத இடத்தில் பத்து ரூபாய் மிளகாய் அந்த வேலையைச் செய்கிறது. காலங்காலமாக உழைக்கிற வீடுகளில் மிளகாய் இப்படித்தான் குழம்பாக இருந்திருக்கிறது. அந்தத் தட்டைக் காட்டி “ஆயுசு கூடும்” என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பச்சை மிளகாயில் வைட்டமின் சி நிறைய உண்டு, உண்மைதான். இரண்டு மிளகாய் பத்து கிராம்கூட வராது. கிடைப்பது சொற்பம்தான். உழைக்கிற ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வேண்டும். ஒரு கொய்யாப்பழம் அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். கொழுப்பைக் கரைக்கும் என்கிறார்களே, கேப்சைசினால் உடம்பு கூடுதலாக எரிக்கிற சக்தி ஒரு நாளைக்கு ஐம்பது கலோரி அளவில்தான் நிற்கிறது. ஓர் இட்லிக்குச் சமம். மிளகாயில் புரதம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஊறுகாயிலும் மோர் மிளகாயிலும் காரத்தைவிட உப்புதான் பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் ஐந்து கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது. மூன்று வேளையும் ஊறுகாயை நம்பிச் சாப்பிடுகிறவர் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடுவார். இளவயதிலேயே ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

கேண்டீன்களுக்கும் இதில் பங்கு உண்டு. காரத்தைத் தூக்கலாகப் போட்டால் சாம்பாரில் பருப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது. சமையல் தெரிந்த யாருக்கும் தெரிந்த சங்கதி இது. தொழிலாளியின் உணவை நாம் எப்போது பேசினோம்? 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்தில் ஓர் ஆலையில் வேலை செய்து பூந்தமல்லி பக்கம் விடுதியில் தங்கியிருந்த பெண்களில் 150-க்கும் மேற்பட்டவர்கள் உணவு நஞ்சாகி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பேசினோம். கெட்டுப்போன சோறு ஒரே ராத்திரியில் செய்தி ஆகிவிட்டது. சத்தில்லாத சோறு வருஷக்கணக்கில் உடம்பை அரித்தாலும் செய்தி ஆவதில்லை.

மிளகாய்த் தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005-இல் பிரிட்டனில் நானூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இந்தியாவிலிருந்து போன மிளகாய்த் தூளில் சூடான் என்கிற தொழிற்சாலைச் சாயம் கலந்திருந்தது காரணம். உதிரித் தூள் கண்ணைப் பறிக்கிற சிவப்பில் இருந்தால் வாங்காதீர்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உருண்டையாக, மினுமினுப்பாக இருக்கும் அந்த வற்றலை வாங்கி வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். அந்தத் தூள் போட்ட குழம்புக்கு ஈடு கிடையாது. மிளகாயை வெறுத்து நான் இதை எழுதவில்லை.

கேட்பது இவ்வளவுதான். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் கட்டாயம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 46-ஆவது பிரிவில் சொல்லியிருந்தது. அதை நடத்தும் குழுவில் தொழிலாளர்களும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் குழுவில் இருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்தில் நைட் ஷிப்ட் சாப்பாட்டில் ஒரு முட்டையோ சுண்டலோ, ஒரு காயோ கீரையோ, ஒரு டம்ளர் மோரோ கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

தம்பிகளே, உங்களுக்கும் ஒன்று. மிளகாயைக் கடித்துச் சாப்பிடுங்கள், தடையில்லை. எரிச்சல் இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை, மலம் கறுப்பாகப் போகிறது, எடை குறைகிறது, வாந்தியில் ரத்தம் வருகிறது, இதில் எது இருந்தாலும் என் கடைக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள். சம்பளம் மாதம் 21 ஆயிரத்துக்குள் இருந்தால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அட்டை கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் செங்கல்பட்டு இங்கிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன்தான். போகும்போது பையில் உள்ள வலி மாத்திரை அட்டையையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். கிருமி இருப்பது தெரிந்தால் இரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும்.