பனிக்குப் போட்ட பணம்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் கைலியோடு இறங்கி ஸ்டவ்வைப் பற்றவைத்து சமையலே ஆரம்பித்திருப்பார். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்த டீக்கடையில் கேட்டாலும் கப்பல் பிசினஸுக்கு விளக்கம் ஒன்றுதான்: ஒரு நாள் சும்மா நின்னா ஒரு நாள் காசு போச்சு. ‘டெமரேஜ்’ என்ற வார்த்தை பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவருக்கும் இங்கே அத்துப்படி.

இந்த ஏரியாவில் போய், ஒரு கப்பல் முதலாளி பைசா லாபம் வராது என்று தெரிந்தே இரண்டு கப்பலைப் பனிக்கட்டிக்குள் அனுப்பினார் என்று சொன்னால், “ஆளுக்கு ஏதாவது கோளாறா சார்?” என்பார்கள்.

ஆள் பெயர் ஹென்றி கிரினல். நியூயார்க், ‘கிரினல், மின்டர்ன்’ கம்பெனியின் பங்காளி. சாதாரணக் கம்பெனி இல்லை. 1851-ல் தென் அமெரிக்காவையே சுற்றிக்கொண்டு 89 நாளில் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவைத் தொட்டதே ‘ஃப்ளையிங் கிளவுட்’, அந்தப் பாய்மரக் கப்பல் இவர்களுடையது. (பனாமா கால்வாய் அப்போது ஏது?)

விஷயத்துக்கு வருவோம். 1845-ல் இங்கிலாந்தின் சர் ஜான் ஃபிராங்க்ளின், கனடாவுக்கு மேலே பனிக்கடலில் பசிபிக்குக்குக் குறுக்கு வழி தேடிப் போனார். எரபஸ், டெரர் என்று இரண்டு கப்பல், 129 பேர். போனவர்கள் போனவர்கள்தான். 1849-ல் அவர் மனைவி ஜேன், அமெரிக்க ஜனாதிபதிக்கே கடிதம் போட்டார். ஜனாதிபதி மனம் உருகினார். உருகுவதற்குத்தான் செலவில்லையே! பணம் ஒதுக்கும் இடத்தில் வழக்கம் போல இழுபறி.

கிரினல் காத்திருக்கவில்லை. ‘அட்வான்ஸ்’ 144 டன், ‘ரெஸ்க்யூ’ 91 டன், இரண்டையும் வாங்கினார். இன்று நம் ஹார்பருக்கு வரும் கப்பல்கள் பக்கத்தில் நிறுத்தினால் பொம்மை மாதிரி இருக்கும். “கப்பல் என்னுது, ஆள் உங்களுது” என்றார் அரசாங்கத்திடம். 1850 மே மாதம் சம்மதம் கிடைத்தது. அதே மாதம் புறப்பட்டாயிற்று!

நமக்குக் கப்பல் என்றால் வ.உ.சி. 1906-ல் அவர் கம்பெனி ஆரம்பித்ததும் லாபத்துக்கு அல்ல. ஆனால் அங்கே சுதேசி ரோஷம் இருந்தது, எதிரே வெள்ளைக்காரன் கம்பெனி இருந்தது. கிரினலுக்கு ஃபிராங்க்ளின் யார்? மாமனா, மச்சானா? வேற்று தேசத்து ஆள்.

ஆகஸ்டில் பீச்சித் தீவில் இங்கிலாந்துக் கப்பல்களோடு சேர்ந்து தேடியபோது, ஃபிராங்க்ளின் ஆட்கள் மூன்று பேரின் கல்லறைகள் தெரியவந்தன. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அப்புறம் இரண்டு கப்பலும் பனியில் மாட்டி, மாதக்கணக்கில் அது இழுத்த இழுப்புக்குப் போய், 1851-ல் ஒருவழியாக ஊர் சேர்ந்தன.

பி.காம். படித்த புத்திக்கு இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் முதலில் தோன்றுகிறது. விளம்பரம்? அதற்கு ஒரு தடவை போதுமே. மனுஷன் 1853-ல் மறுபடியும் ‘அட்வான்ஸ்’ கப்பலைக் கொடுத்தார், டாக்டர் கேன் என்பவர் தலைமையில். ஜார்ஜ் பீபாடி என்ற இன்னொரு பணக்காரரும் பங்கு போட்டார். இரண்டு குளிர்காலம் தாண்டியும் பனி விடவில்லை. 1855-ல் கப்பலை அங்கேயே கைகழுவிவிட்டு, பனிச்சறுக்கு வண்டியிலும் படகிலுமாக எண்பது நாளுக்கு மேல் பயணம் செய்து கிரீன்லாந்தில் ஒரு டேனிஷ் குடியிருப்பைப் பிடித்தார்கள். கப்பல் போயே போச்சு.

1859-ல்தான் கிங் வில்லியம் தீவில் ஒரு காகிதம் கிடைத்தது. ஃபிராங்க்ளின் இறந்தது 1847 ஜூன் 11. அதாவது கிரினல் முதல் கப்பலுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தபோதே அவர் செத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. இது தெரிந்த பிறகாவது கணக்கை மூடினாரா? இல்லை. மிச்சப் பேரில் யாராவது உயிரோடு இருக்கலாம் என்று 1860-ல் ஹால் என்பவர் கிளம்பியபோதும் உதவியவர்களில் இவர் ஒருவர்.

1874-ல் கிரினல் காலமானார். எரபஸ் 2014-லும், டெரர் 2016-லும் கடலடியில் அகப்பட்டன. டெரர் பக்கம் வழிகாட்டியது, பனியில் ஒரு மரக்கம்பம் நீட்டிக்கொண்டிருந்ததை முன்பே பார்த்திருந்த உள்ளூர் இனூயிட் ஒருவர்.

கனடாவின் வடகோடி எல்ஸ்மியர் தீவில் ஒரு பகுதிக்கு கிரினல் லேண்ட் என்று பெயர். பெயர்தான் அவருடையது. ஒரு சென்ட் வாடகை வசூலிக்க அங்கே ஆள் கிடையாது.