நாலு கால் மண்டபம்

நண்பர் தன் ஆம்ப்ளிஃபையருக்கு நாலு ரப்பர் கால் மாட்டியிருக்கிறார். விலை, என் ஒரு மாச வீட்டு வாடகை. "இப்ப வயலின் தனியா கேக்குது பாருங்க" என்றார். எனக்கு, "ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு மட்டும் காசில்ல" என்ற சமையலறைக் குரல்தான் தனியாகக் கேட்டது.

ரெக்கார்ட் பிளேயர் என்றால் விஷயம் வேறு. முள்ளுக்கு வேலையே அதிர்வைப் பொறுக்குவதுதான். இசைத்தட்டில் இருக்கிற பாட்டா, தரையில் நடக்கிற மாமனாரா என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. ஸ்பீக்கரின் அதிர்வே மேஜை வழியாக முள்ளுக்குத் திரும்பிப் போய் 'ஊ...' என்று ஊளையிடும். அதனால்தான் 1961-லேயே அமெரிக்காவின் ஏ.ஆர். கம்பெனி, தட்டையும் முள்கையையும் சேர்த்து ஸ்பிரிங்கில் தொங்கவிட்டது.

ஆம்ப்ளிஃபையரில் முள் எங்கே சார் இருக்கு? பழைய வால்வு செட்டாவது தட்டினால் 'டிங்' என்னும். டிரான்சிஸ்டருக்கு அந்தக் கவலையும் இல்லை.

ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் முதலில் ஸ்பீக்கரை வேறு மேஜைக்கு மாற்றுங்கள். செலவு கிடையாது. அப்புறமும் ஊளையிட்டால், இரண்டு ஸ்குவாஷ் பந்தைப் பாதியாக வெட்டி நாலு மூலையிலும் கவிழ்த்து வையுங்கள்.