நெருப்பில்லாமல் புகையும்

'நெருப்பில்லாமல் புகையாது' என்று சொல்லி வைத்த பெரியவர்கள் எலெக்ட்ரானிக் சிகரெட்டைப் பார்த்ததில்லை. அதில் நெருப்பே கிடையாது, ஆனால் புகைகிறது. சரியாகச் சொன்னால் அது புகைகூட இல்லை, ஆவி. இட்லிப் பானை ஜாதி.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: 'சார், இதில் எந்த மாடல் நன்றாக இழுக்கும்? காசுக்கு எது கட்டுப்படியாகும்? நீங்கள் பி.காம். ஆயிற்றே, கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.' ஆபீஸில் தினம் பத்து சிகரெட்டாம். தை மாதம் கல்யாணமாம். கேள்வியில் இருக்கிற அவசரம் புரிகிறது.

கணக்குக்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1963-லேயே 'புகையில்லா சிகரெட்' என்று ஒன்றை வரைந்து, 1965-ல் பேடன்ட்டும் வாங்கிவிட்டார். வாங்கத்தான் ஆளில்லை. 2003-ல் சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளுநர் இன்றைய ரகத்தைக் கண்டுபிடித்தார். அவரும் செயின் ஸ்மோக்கர். அப்பா இறந்தது நுரையீரல் புற்றுநோயில்.

உள்ளே பெரிய சிதம்பர ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், அதற்குள் பஞ்சுத் திரி, திரியை நனைக்க ஒரு திரவம். திரவத்தில் கிளிசரின் வகையறா, வாசனை, நிகோடின். இழுத்தால் சுருள் சூடாகிறது, திரவம் ஆவியாகிறது. திரி காய்ந்துபோனால் அடிப்பிடித்த பால் வாசனை வரும்.

மாடல்கள் ஐந்து ஜாதி. அசல் சிகரெட் சைஸில் வந்தது முதல் தலைமுறை. பேட்டரி சுண்டுவிரல் அளவு, மத்தியானத்துக்குள் மூச்சை விட்டுவிடும். அடுத்தது பேனா சைஸ். மூன்றாவது 'மாட்' எனப்படும் டப்பா. பஸ் ஸ்டாண்டையே மேகமூட்டமாக்கும். நான்காவது 'பாட்'. 2015-ல் ஜூல் என்ற கம்பெனி பிரபலமாக்கியது, பார்க்க பென் டிரைவ் மாதிரி. ஐந்தாவது தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற ரகம்.

திறமையை எப்படி அளப்பது? ப்ளஸ் டூ ஃபிஸிக்ஸ் போதும். வோல்ட்டேஜை அதாலேயே பெருக்கி, ஓம் கணக்கால் வகுத்தால் வாட். 3.7 வோல்ட் பேட்டரியில் 1.5 ஓம் சுருள் போட்டால் 9 வாட். 0.5 ஓம் போட்டால் 27 வாட். ஆவி கூடும், ஆனால் திரவமும் பேட்டரியும் அதே வேகத்தில் காலி. பிக்கப்பா, மைலேஜா என்று டூ வீலர் ஷோரூமில் கேட்பார்களே, அதே கேள்விதான்.

இனி காசு. லண்டனில் இருக்கும் சித்தி பையனிடம் போனில் விலை கேட்டேன். தூக்கிப் போடுகிற ரகம் இரண்டு மில்லி, விற்றுக்கொண்டிருந்தபோது ஐந்து பவுண்டு. பாட்டில் திரவம் பத்து மில்லி நாலு பவுண்டு. நிரப்பிக்கொள்ளும் கருவி பதினைந்து, மாற்றுச் சுருள் இரண்டு. சுருள் ஒரு வாரம் ஓடுமாம்.

தினம் இரண்டு மில்லி இழுப்பவருக்கு மாசக் கணக்கு இது. தூக்கிப் போடுகிற ரகம்: 150 பவுண்டு. நிரப்புகிற ரகம்: திரவம் 24, சுருள் 8, ஆக 32. முதல் மாதம் மட்டும் கருவியோடு சேர்த்து 47. ஃபிக்ஸட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட் என்று காலேஜில் தூங்கிக்கொண்டே கேட்டது வீண் போகவில்லை. குப்பை சேருகிறது, பள்ளிப் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று 2025 ஜூன் 1 முதல் தூக்கிப் போடுகிற ரகத்தை பிரிட்டன் தடையே செய்துவிட்டது.

"அண்ணே, வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வரட்டா?" என்றான்.

"எங்க வாசகரை உள்ள வெக்கணும்னு உனக்கு என்னடா ஆசை? நீயும் சேர்ந்து போவே" என்றேன்.

விஷயம் அதுதான். இந்தியாவில் 2019-ல் வந்த சட்டப்படி எலெக்ட்ரானிக் சிகரெட்டைத் தயாரிக்க, விற்க, இறக்குமதி செய்ய, விளம்பரம் செய்யத் தடை. தம்பி பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தாலும் இறக்குமதிதான். முதல் தடவை ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை மூன்று வருஷம், ஐந்து லட்சம் வரை.

'திருட்டுத்தனமாகக் கிடைக்கிறதே சார்' என்பீர்கள். கிடைக்கும். பில் கிடைக்குமா? ஐரோப்பாவில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் நிகோடின்தான் உச்சவரம்பு. அமெரிக்க ஜூலில் 59 மில்லிகிராம். உங்கள் கைக்கு வரும் டப்பாவில் எவ்வளவு என்று யார் சோதித்துச் சொல்வார்கள்? 2019-ல் அமெரிக்காவில் இப்படி ஆவி இழுத்து நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 2,800-க்கு மேல். 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் கஞ்சா எண்ணெய் டப்பாக்கள், அதில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். கள்ளச் சரக்கில் லேபிளை நம்பியவர்கள்தான் அதில் அதிகம்.

லாப நஷ்டத்துக்கு இன்னொரு உதாரணம். மார்ல்பரோ விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி 2018-ல் 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூலில் 35 சதவிகிதப் பங்கு வாங்கியது. 2022 முடிவில் அந்தப் பங்கின் மதிப்பு 25 கோடி டாலர். ஊருக்கே சிகரெட் விற்றவர்களுக்கே இந்த முதலீடு புகைந்துவிட்டது!

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு இந்தக் கருவி சூயிங்கம்மைவிட அதிகம் உதவுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. தீமையும் சிகரெட்டைவிடக் குறைவு. தீமையே இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் சோதித்து, அளந்து, பில் போட்டு விற்கிற ஊர்க் கணக்கு. நமக்கு அந்தக் கடை இல்லை.

இருக்கிற கடைக்கு வருவோம். இரண்டு மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே தருவார்கள். பபிள்கம் மாதிரி மென்று தள்ளினால் விக்கல்தான் வரும். நாலு தடவை மெல்லுங்கள், காரம் தெரிந்ததும் கன்னத்துக்குள் ஒதுக்கி வையுங்கள், காரம் போனதும் மறுபடி. இப்படி அரை மணி. டாக்டரைக் கேட்டு, தோலில் ஒட்டும் பேட்சையும் சேர்த்துக்கொண்டால் பலன் கூடும். மத்திய அரசின் புகையிலை விடுதலை உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இதுவரை நீங்கள் படிக்காத பக்கம் அது ஒன்றுதான்.

கடைசிக் கணக்கு. ஒரு சிகரெட் 18 ரூபாய் என்று வைத்தால் தினம் 180, வருஷத்துக்கு 65,700. இதைவிட மலிவான மாடல் ஒன்று இருக்கிறது. பேட்டரி வேண்டாம், சார்ஜர் வேண்டாம், சுருள் மாற்ற வேண்டாம். பெயர்: 'சும்மா இருப்பது'. விலை பூஜ்யம். முதல் மாதம் கொஞ்சம் எரிச்சல் வரும். அதற்குத்தான் சூயிங்கம்.

தைக்கு நாள் இருக்கிறது, கூடுவாஞ்சேரிக்காரரே. முகூர்த்தத்தன்று மணவறையில் புகை வரவேண்டிய இடம் ஹோமகுண்டம் மட்டும்!