ஜாமீன் கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடுமா?

"என் தங்கை மகன், வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டக்காரரை அரிவாளால் வெட்டிய வழக்கில் கைதாகி சிறையில் இருக்கிறான். திண்டுக்கல் செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்து 12 நாள்கள் ஆகிவிட்டன. தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. எனக்கு கரூர் மாவட்டத்தில் ஒன்றரை ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. கையெழுத்துப் போட நான் தயார். 'அவன் ஓடிப்போனால் நிலத்தை ஜப்தி செய்துவிடுவார்கள்' என்று என் மனைவி பயப்படுகிறார். வேறு மாவட்டத்து நிலம் செல்லாது என்றும் சிலர் சொல்கிறார்கள். கோர்ட் வாசலில் ஒருவர், 6,000 ரூபாய் கொடுத்தால் தானே ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர் மாவட்டம்.

வாசகரின் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கிராமங்களில் 'ஜாமீன்' என்றாலே கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட கதைதான் நினைவுக்கு வரும். அங்கே கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் அசலும் வட்டியும் ஜாமீன்தாரர் தலையில் விழும். கோர்ட் ஜாமீன் அப்படிப்பட்டதல்ல. 'இவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒழுங்காக வருவார். வராவிட்டால் 10,000 ரூபாய் வரை நான் பொறுப்பு' என்பதுதான் அந்தப் பத்திரத்தில் இருக்கும் உறுதிமொழி. வழக்கில் பையன் தோற்று, தண்டனையே கிடைத்தாலும் அதற்காக ஜாமீன்தாரர் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் அன்றைக்கும் பணம் கட்ட வேண்டாம். உத்தரவில் ரொக்கமாகக் கட்டச் சொல்லியிருந்தால் மட்டுமே பணம். பட்டாவைக் காட்டுவது, 'இவருக்கு 10,000 ரூபாய் தாங்கும் வசதி இருக்கிறது' என்று நீதிபதி தெரிந்துகொள்வதற்காக. அது அடமானம் ஆகாது.

பையன் வராமல் போனால்? ஒரு வாய்தா தவறினால் பெரும்பாலும் முதலில் பிடிவாரண்ட் வரும். உடனே வக்கீல் மூலம் ஆஜராகி, காரணம் சொல்லி அதைத் திரும்பப் பெறலாம். தலைமறைவாகிவிட்டால்தான் சிக்கல். பத்திரம் மீறப்பட்டதாக நீதிமன்றம் பதிவு செய்து, 'பணத்தைக் கட்டுங்கள் அல்லது ஏன் கட்டக் கூடாது என்று சொல்லுங்கள்' என ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் அனுப்பும். இதைக் கண்டுகொள்ளாமல் அலமாரியில் வைத்துவிடுபவர்கள்தான் நிஜமாகவே மாட்டிக்கொள்கிறார்கள். நேரில் போய் விளக்கம் சொன்னால், பையனைக் கொண்டுவந்து நிறுத்தினால், தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பதிலும் இல்லை, பணமும் இல்லை என்றால் அபராதத்தை வசூலிப்பதுபோல வசூலிப்பார்கள். சொத்தின் பக்கம் கை போவது அப்போதுதான். அதுவும் அந்தத் தொகை வரைக்கும்தான். வசூலிக்கவே வழியில்லை என்றால் ஆறு மாதம் வரை சிவில் சிறை வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 491-வது பிரிவு. பழைய சட்டத்தில் 446. கோர்ட் குமாஸ்தாக்கள் பலர் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் வழக்கு முடியும் வரை கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. பையனின் போக்கு சரியில்லை, ஊரைவிட்டே போய்விடுவான் போலிருக்கிறது என்று தோன்றினால், தன்னை விடுவிக்கச் சொல்லி எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம் (489-வது பிரிவு). நீதிமன்றம் பையனை வரவழைத்து, வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவரச் சொல்லும்; கொண்டுவராவிட்டால் அவன் மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். தங்கை வீட்டுடன் மனக்கசப்பு வரலாம். ஆனால், அந்த வழி இருக்கிறது என்பதை இரண்டு வீட்டாரும் முதலிலேயே தெரிந்துவைத்துக் கொள்வது நல்லது.

அடுத்து, வேறு மாவட்டத்து நிலம். இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1978-லேயே பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதைக் காட்டி ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே மோதிராமை விடச் சொன்னார். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால் விடுதலை தாமதமாகிறது, அப்படி நிபந்தனை போடாமல் இருக்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே கரூர் பட்டாவைத் தயங்காமல் கொண்டுபோகலாம். நீதிமன்றம் சந்தேகப்பட்டால் உண்மைத்தன்மையை விசாரிக்கச் சொல்லும். அதில் சில நாள்கள் ஓடும் என்பது மட்டும் நிஜம்.

அந்த அலைச்சலைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. பையனின் தாயே ரத்த உறவுதான். பெண்கள் ஜாமீன் போடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தங்கை பெயரில் வீட்டு வரி ரசீது இருந்தால் அவர் ஒரு ஜாமீன்தாரர், தாய்மாமன் இன்னொருவர். யாராக இருந்தாலும் ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம், வீட்டு வரி ரசீது அல்லது பட்டா, சிட்டா ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். சில இடங்களில் வி.ஏ.ஓ சான்றோ தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்றோ கேட்பார்கள். முதல் நாளே வக்கீலிடம் கேட்டுக்கொண்டால் ஒரு நடை மிச்சம். பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வாங்குவது இங்கே வழக்கம். 'பையன் உங்களுக்கு என்ன உறவு? இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் போட்டிருக்கிறீர்கள்?' என்று நீதிபதி கேட்பார். உள்ளதைச் சொன்னால் போதும். அசல் ஆவணத்தை நீதிமன்றம் கேட்டாலொழிய வேறு யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது.

கோர்ட் வாசலில் 6,000 ரூபாய் கேட்கும் ஆள் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். இப்படி வரும் ஜாமீன்தாரர்களில் போலி வரி ரசீதுடன் வருபவர்கள் உண்டு. பிடிபட்டால் ஆள் மாறாட்டம், போலி ஆவணம் என்று தனி வழக்கு ஆகும், ஜாமீனும் ரத்தாகலாம். வெட்டு வழக்கு ஒன்றுக்கே தாங்காத குடும்பம் அது.

ஜாமீன் கிடைத்து 12 நாள்கள் ஆகியும் வெளியே வரவில்லை என்பதையும் சாதாரணமாக விட வேண்டியதில்லை. மேலே சொன்ன 2023 உத்தரவின்படி, ஏழு நாள்களுக்குள் விடுதலை ஆகாதவரின் விவரத்தைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காகக் காத்திராமல் குடும்பத்தினரே திண்டுக்கல் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சிறையில் இருப்பவருக்கு வருமானத்தைப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஜாமீன்தாரரே கிடைக்காவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தும்படியோ பத்திரத்துக்குப் பதில் ரொக்கம் கட்ட அனுமதிக்கும்படியோ மனு போடலாம். ஒரு மாதம் கடந்தால் நீதிமன்றமே முன்வந்து தளர்வு தரலாம் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு உதவ மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டம் தொடங்கியது. அப்போது ஒரு வழக்குக்கு 40,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். அதுவும் இந்த ஆணைக்குழு வழியாகத்தான்.

வெளியே வந்த பிறகு, தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லி நிபந்தனை இருக்கலாம். அறுப்பு நேரத்தில் இது பெரிய தொல்லைதான். ஆனாலும் ஒரு நாளும் தவறாமல் போட வேண்டும். சில வாரங்கள் ஒழுங்காகப் போட்டபின் 'நிபந்தனை தளர்வு' மனு கொடுத்தால், பல வழக்குகளில் வாரம் ஒரு முறை என்று மாறும்.

"அடிதடி வழக்கில் ஸ்டேஷன் ஜாமீனில் விட 5,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்ட வேண்டுமா?"

- வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் வெளியே வருவது கைதானவரின் உரிமை; அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. ஜாமீன்தாரர் தர வசதியில்லாத ஏழை என்றால், அவருடைய சொந்தப் பத்திரத்திலேயே விட வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாவிட்டால் அவரை ஏழை என்றே கருதலாம் என்கிறது 478-வது பிரிவு. எந்தப் பிரிவுகளில் வழக்கு என்பதை எஃப்.ஐ.ஆர் நகலைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு பேசுவது நல்லது.