பறக்காத மணிக்குக் கையெழுத்தா?

போன மாதம் பெருந்துறை ரோட்டில் ஒரு கல்யாணம். பக்கத்து இலையில் உட்கார்ந்த சொந்தக்காரர், மகனைப் பைலட் படிப்பில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். மஞ்சள் போட்டுக்கொண்டிருந்த காட்டில் பாதியை விற்றுத்தான் ஃபீஸ் கட்டினாராம்.

"இருநூறு மணி நேரம் பறக்கோணுமாமுங்க. மழை, ரிப்பேருன்னு இழுத்துட்டே போகுது. லாக்புக்குல கொஞ்சம் சேர்த்து எழுதிக்கிட்டா என்னங்க தப்பு? வேலைக்குப் போனா ஓட்டிப் பழகிக்குவானுங்க" என்றார்.

அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் விமானப்படையில் தரைப் பணியில் இருந்தவன். அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் 'ஃபார்ம் 700' என்றொரு பதிவேடு உண்டு. சோதித்தவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்துப் பைலட்டும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் கிளம்பும். ஒருநாள் காலையில் டயரில் காற்றுப் பார்த்தேன் என்ற தைரியத்தில், மதியம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சார்ஜென்ட் கண்டுபிடித்தார். கிளம்ப இருந்த விமானத்தை நிறுத்தி என்னையே அளக்க வைத்தார். அளவு சரியாகவே இருந்தது. "காற்று சரி. உன் கையெழுத்துதான் பொய்" என்றார். நாற்பது வருஷமாக அது காதில் கேட்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1980-ல் சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று, ஹாங்காங்கில் இறங்கும்போது வால்பகுதி ஓடுபாதையில் உரசியது. போயிங் கையேட்டின்படி சரி செய்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதினார்கள். ஆனால் அப்படிச் செய்யவில்லை. கீறல் விழுந்த தகட்டின் மேலேயே ஒட்டுத் தகடு போட்டு மூடிவிட்டார்கள். உள்ளே விரிசல் வளர்ந்தது. 22 வருஷம் கழித்து, 2002 மே 25-ல், அதே விமானம் தைவான் அருகே நடுவானில் உடைந்தது. 225 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

நம் நாடு மட்டும் என்ன? 2011-ல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து லைசென்ஸ் வாங்கியதாகப் பைலட்டுகள் கைதானார்கள். பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதினார்கள் என்று ராஜஸ்தானில் ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் போட்டதும் அதே வருஷம்தான்.

"இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறதே" என்பார்கள். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளும். பொய்யைக் கொடுத்தால் பொய்யையும் பத்திரமாக வைத்திருக்கும்.

பயிற்சிப் பள்ளிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'சீக்கிரம் முடி' என்று பிள்ளையை நெருக்குகிற நாமும் இதில் கூட்டு. மண்டிப் பேரேட்டில் பொய் எழுதினால் பணம் போகும், அவ்வளவுதான். இருநூறு மணியில் ஐம்பது பொய்யென்றால், எதிர்க்காற்றிலும் மழையிலும் இறங்கிப் பழகவேண்டிய ஐம்பது மணி அந்தப் பையன் கையில் இல்லை. அதைப் பின்னால் 180 பேரை ஏற்றிக்கொண்டா பழகுவது?

சொந்தக்காரரிடம் இதைத்தான் சொன்னேன்: "ஆறு மாசம் கூட ஆகட்டுமுங்க. பையன் ஊருக்கு வந்தால் லாக்புக்கை வாங்கிப் பாருங்க. ஏதாவது ஒரு வரியைக் காட்டி, அன்றைக்கு எங்கே போனாய், காற்று எப்படி இருந்தது என்று கேளுங்க. பறந்தவன் யோசிக்காமல் சொல்லுவான்."