பளபளப்புக்கு அடியில்

வைட்ஃபீல்டில் கடல் கிடையாது, ஆனால் 'துறைமுகம்' உண்டு. சென்னையிலிருந்து ரயிலில் வரும் சரக்குப் பெட்டிகள் இங்குள்ள முனையத்தில்தான் இறங்கி, சுங்கச் சோதனை முடிந்து வெளியேறுகின்றன. கம்ப்யூட்டர் நிறுவனங்களில் கை நிறையச் சம்பாதிக்கும் இந்தப் பேட்டைக்காரர்கள் யாருக்காவது, அடிபட்ட பழைய உல்லாசப் படகு ஒன்றை மலிவாக வாங்கிச் சீர்படுத்தும் ஆசை வந்தால், ஊர்க்காரர் விஜய் மல்லையாவின் படகுக் கதையை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

'இண்டியன் எம்ப்ரெஸ்' 95 மீட்டர் நீளம். 2000-ல் கட்டப்பட்டு, 2006-ல் மல்லையாவிடம் வந்தது. 2018 மார்ச்சில் மால்டா தீவில் முடக்கப்பட்டது. காரணம் எஞ்சின் கோளாறு அல்ல, மாலுமிகளின் சம்பள பாக்கி. முதல் ஏலத்தில் 4.35 கோடி யூரோவுக்குக் கேட்டவர் பணம் கட்டவில்லை. செப்டம்பரில் 3.5 கோடி யூரோவுக்குக் கைமாறியது. சில மாதங்களில் 85 லட்சம் யூரோ காற்றில் போயிற்று.

கடல் சட்டத்தின் விசித்திரம் இது. மாலுமியின் சம்பள பாக்கி முதலாளியோடு நிற்பதில்லை, கப்பலையே பற்றிக்கொள்கிறது. தரகர் மூலம் வாங்கினால் பாக்கியும் கூடவே வந்து சேரலாம். நீதிமன்ற ஏலத்தில் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. கடன்காரர்கள் ஏலப் பணத்தில் பங்கு கேட்க வேண்டும், படகைத் தொட முடியாது. ஆக, துருவைத் தேடும் முன் காகிதங்களைத் தேட வேண்டும்.

அடுத்தது உடல். தண்ணீரில் மிதக்கும்போது பார்த்து விலை பேசுவது, புடவையைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று வாங்குவது போல. கரையேற்றியே தீர வேண்டும். எஃகுப் படகானால் ஒலி அலைக் கருவியால் தகட்டின் கனத்தை அளப்பார்கள். கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. புதுப் பெயின்ட் அடித்த இடத்தில்தான் சந்தேகம் அதிகம் வர வேண்டும். ஃபைபர் கிளாஸ் என்றால் துரு இல்லை, ஆனால் ஈரம் ஊறிக் கொப்புளம் கிளம்பும்.

ஒரு முறை மூழ்கி எழுந்த படகு என்றால் கதையே வேறு. எஞ்சினைத் தூக்கிய கையோடு நல்ல தண்ணீரால் கழுவி எண்ணெய் விட்டிருந்தால் பிழைக்கும். சில நாள் காற்றுப்பட விட்டிருந்தால் எடைக்குப் போட வேண்டியதுதான். வயரிங்கில் பேச்சே இல்லை. உப்புத் தண்ணீர் உறைக்குள் ஏறிச் செம்புக் கம்பியைக் கறுக்க வைத்துவிடும், முழுவதையும் பிடுங்க வேண்டும். விற்பவர் காட்டும் மர வேலைப்பாடும் மெத்தையும் இந்தச் செலவுகளுக்கு முன் ஒன்றுமே இல்லை.

பேரம் முடியும் முன் சர்வேயரைக் கூப்பிடுவது வழக்கம். அவர் அறிக்கை சரியாக இருந்தால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். சர்வேயருக்குக் கூலி கொடுப்பவர் வாங்குபவராகவே இருக்கட்டும். தரகர் கூட்டிவரும் ஆள் வேண்டாம்.